ஐந்து பாகம் ஆழத்தில் ஒரு எல்லைக்கோடு

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லை எங்கே இருக்கிறது என்று பாம்பனிலோ ஏர்வாடியிலோ நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "தீவுப் பக்கம் போனா பிடிப்பாங்க" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அரசு சொல்லும் எல்லை ஆழக் கணக்கில் இருக்கிறது: தீவுகளின் கரைப் பக்கம் மூன்றரைப் பாகம், வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம். ஒரு பாகம் என்பது ஆறு அடி. அதாவது வெளிப்பக்கம் 29 அடித் தண்ணீரில் வலை விட்டால் பூங்காவுக்குள், 31 அடி என்றால் வெளியே. ஆழத்தைப் பாகத்தில் சொல்வது மீனவருக்குப் புதிதில்லை, தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் 30 அடியில் விட்ட வலையை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய் 25 அடியில் சேர்த்தால் குற்றவாளி யார், ஓட்டமா, அவரா? இதற்கு எந்த வரைபடத்திலும் பதில் கிடையாது.

இதை நக்கலுக்காகச் சொல்லவில்லை. கடலில் பாதுகாப்பு மண்டலம் அமைப்பது பற்றி இப்போது நிறையப் பேச்சு அடிபடுகிறது. புதுப் புது அறிவிப்புகள் வருகின்றன, நிறம் தீட்டிய வரைபடங்கள் வருகின்றன, கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டக்காரன் என்ற முறையில் இதையெல்லாம் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்த்ததில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். திட்டம் போடுகிறவர்கள் கடலை இடமாக மட்டும் பிரிக்கிறார்கள். இந்தக் கடலில் பிழைக்கிறவர்களோ நாளைப் பிரித்து, கருவியைப் பிரித்து, காற்றைப் பார்த்துத்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கை விட்டுவிட்டு வெறும் கோடு போட்டால், நடுக்கடலில் அந்தக் கோட்டை மதிக்க ஆள் இருக்காது.

முதலில் பழைய கதை. 1986-இல் தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்து 560 சதுர கி.மீ. பரப்பைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-இல் அதைச் சுற்றி 10,500 சதுர கி.மீ. உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. தேவை இருந்ததா என்றால், கண்டிப்பாக இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் பவளப் பாறைகளைப் பெயர்த்துச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் வண்டி வண்டியாக அள்ளிய காலம் அது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன, அதற்கு அந்தப் பவளக் கொள்ளை ஒரு முக்கியக் காரணம். 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் அந்த வியாபாரம் ஒடுங்கியது. ஆக, சட்டமே வேண்டாம் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை.

ஆனால் அந்தப் பூங்காவை நடைமுறைப்படுத்திய விதம்? அறிவிப்பு 1986-இல் வந்துவிட்டது. பல வருடங்கள் அது ஏட்டில்தான் இருந்தது, மக்கள் வழக்கம்போலத் தீவுகளுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். 2000-க்குப் பிறகு கெடுபிடி கூடியது. அப்போதுதான் பல பேருக்குத் தங்கள் கடல் பூங்கா ஆன விஷயமே உறைத்தது. அதிகமாக அடிபட்டவர்கள் யார் என்று பாருங்கள்: பெரிய விசைப்படகுக்காரர்கள் இல்லை, பாசி எடுக்கும் பெண்கள்.

இவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடல் திட்டமிடல் என்றாலே படகு, வலை, துறைமுகம் என்று பேசுகிற நமக்கு இவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. சின்னப்பாலம், பாம்பன், ஏர்வாடி என்று இந்தக் கரை நெடுக ஆயிரக்கணக்கான பெண்கள் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு பாறைகளுக்கு இடையே முங்கி, மரிக்கொழுந்து பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று வகை பார்த்துப் பறிப்பார்கள். கையெல்லாம் கீறல்தான். இவர்களில் பலருக்குச் சொந்தப் படகு கிடையாது. கூட்டாக வாடகைக்குப் படகு பிடித்துத் தீவு ஓரமாகப் போவார்கள். எடுத்த பாசியைக் காயவைத்து வியாபாரிக்குப் போடுவார்கள். அது அகர், ஆல்ஜினேட் என்ற கெட்டியாக்கும் பொருட்களாக மாறி ஐஸ்கிரீம் வரை போகும்.

தீவு ஓரம் போகக் கூடாது என்றதும் இவர்களுடைய பாசியும் படகும் பறிமுதல் ஆயின. இவர்கள் செய்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஊர் ஊராகச் சங்கம் சேர்ந்தார்கள். "நாங்கள் போகவே மாட்டோம்" என்றும் சொல்லவில்லை, "எங்கள் இஷ்டப்படி போவோம்" என்றும் சொல்லவில்லை. மாதத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்போம், அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில். இரும்புச் சுரண்டி கிடையாது, கையால் மட்டும்தான். மீன்பிடித் தடைக் காலத்தில் நாங்களும் நிறுத்திக்கொள்வோம். இப்படித் தாங்களே விதி வகுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் போய்ப் பேசினார்கள். பாசி மறுபடி வளர இடைவெளி வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாத விஷயமா? சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015-இல் இதற்காக அமெரிக்காவில் சீகாலஜி என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் விருதைக் கொடுத்தார்கள். பூங்கா நிர்வாகமே உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்க வேண்டிய மேலாண்மை விதிகளை, பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத பெண்கள் எழுதினார்கள். அதில் மண்டலம் என்ற பேச்சே இல்லை, நாளும் கருவியும் மட்டும்தான்.

இதே கணக்கு வடகடலிலும் உண்டு. (வெளியூர்க்காரர்களுக்கு: ராமேஸ்வரம் தீவுக்காரர்கள் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும்தான் சொல்வார்கள்.) விசைப்படகுகள் வந்த பிறகு நாட்டுப்படகுக்காரர்களின் வலைகள் அறுபட்டு, 1970-களில் கடலிலும் கரையிலும் மோதல், படகு எரிப்பு என்றெல்லாம் ஆன பிறகு ஓர் ஏற்பாடு வந்தது. திங்கள், புதன், சனி விசைப்படகு போகும். மிச்ச நாலு நாள் நாட்டுப்படகு. இன்றுவரை பாக் விரிகுடாவில் அது நடைமுறையில் இருக்கிறது. மீறல் இல்லாமல் இல்லை, சண்டை இல்லாமலும் இல்லை. ஆனாலும் நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரு விதி நிற்கிறது என்றால், அதற்குக் காரணம் அதை மீறினால் பார்க்க இன்னொரு மீனவன் கடலில் இருக்கிறான் என்பதுதான். செவ்வாய்க்கிழமை கடலில் விசைப்படகு தெரிந்தால் ரோந்துப் படகு வேண்டாம், ஜிபிஎஸ் வேண்டாம், கரையில் இருப்பவருக்கே தெரிந்துவிடும். ஐந்து பாகம் ஆழக் கோட்டை மீறினால் யாருக்குத் தெரியும்?

காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாடை (வடகிழக்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அமைதியாக இருக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் அப்படியே தலைகீழ். ஆகவே இங்கே பல படகுகள் வருடத்தில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் தொழில் செய்கின்றன. இப்போது தென்கடலில் ஒரு பகுதியை மூடுகிறீர்கள் என்று வையுங்கள். வாடைக் காலத்தில் அந்தப் படகுகள் எங்கே போகும்? மூடாத பகுதியில் போய் நெருக்கும், அல்லது பாதுகாப்பில்லாத வடகடலுக்குப் போகும். வருடம் முழுக்க ஒரே நிறத்தில் தீட்டிய வரைபடத்தில் இது தெரியாது. குறைந்தது இரண்டு வரைபடம் வேண்டும், வாடைக்கு ஒன்று, கச்சானுக்கு ஒன்று.

சரி, 2022-க்கு வருவோம். அந்த வருடம் செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கி.மீ. பரப்பைக் கடல் பசுப் பாதுகாப்பகம் என்று அறிவித்தது. இந்தியாவிலேயே கடல் பசுவுக்கென்று முதல் காப்பகம். கடல் பசுவை நம் பக்கம் ஆவுளியா என்பார்கள். இது மேய்வது கடற்புல்லை. அந்தப் பகுதியில் மட்டும் 12,250 ஹெக்டேர் கடற்புல் படுகை இருக்கிறது. இந்த விலங்கு எழுபது வருடம் வரை வாழக்கூடியது, ஆனால் ஒரு கன்று போட்டு அடுத்த கன்று போட மூன்றிலிருந்து ஏழு வருடம் ஆகும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூச்சுவிட மேலே வந்தே தீர வேண்டும். வலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் செத்துப்போகும். இந்தியக் கடல் முழுக்கச் சில நூறுதான் மிச்சம் என்னும்போது, வருடத்துக்கு நாலைந்து வலையில் சிக்கினாலே கணக்கு இறங்குமுகம்தான்.

இந்தக் காப்பகத்தில் எனக்குப் பிடித்த விஷயம், இதைத் தேசியப் பூங்கா ஆக்காமல் பாதுகாப்பு ஒதுக்கிடம் என்ற வகையில் கொண்டுவந்தது. வனவிலங்குச் சட்டத்தின் 36ஏ பிரிவு அது. அங்குள்ள மக்களிடம் பேசிய பிறகே அறிவிக்க வேண்டும், அவர்களுடைய தொழில் உரிமை தானாகப் பறிபோகாது. வலையில் மாட்டிய கடல் பசுவை, வலையை அறுத்தாவது விடுவிக்கிற மீனவருக்கு வனத்துறை வெகுமதி கொடுக்கிறது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். முதல் அட்டவணை விலங்கு வலையில் செத்துக் கிடந்தால் வழக்கு வருமோ என்ற பயத்தில் கமுக்கமாகக் கடலிலேயே தள்ளிவிட்டு வருகிறவன், பாராட்டும் அறுந்த வலைக்குக் காசும் கிடைக்கும் என்றால் போன் போட்டுச் சொல்வான். தகவல் வந்தால்தானே எங்கே, எந்த மாதம், எந்த வலையில் மாட்டுகிறது என்று தெரியும்? அந்தத் தகவல் இல்லாமல் எந்த மண்டலத்தைத் திட்டமிடுவது?

பிடிக்காத விஷயமும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. 36பி பிரிவு இத்தகைய ஒதுக்கிடத்துக்கு ஒரு மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. வனத்துறைப் பிரதிநிதி, ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒருவர், வனவிலங்குத் தொண்டு நிறுவனங்கள் சார்பில் மூவர், அப்புறம் வேளாண்மைத் துறை, கால்நடைப் பராமரிப்புத் துறை. மீன்வளத் துறை? எழுத்தில் இல்லை. காட்டை மனதில் வைத்து எழுதிய சட்டத்தைக் கடலில் கொண்டுவந்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். கடல் பசு என்பதால் கால்நடைத் துறை என்று யாராவது சமாதானம் சொல்லலாம்! நடைமுறையில் மீன்வளத் துறையையும் கூப்பிட்டு உட்காரவைக்க முடியும். ஆனால் விசைப்படகு எங்கே இழுக்கலாம், எந்த வலை கூடாது, எத்தனை நாள் தடை என்பதெல்லாம் 1983-ஆம் வருடத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மீன்வளத் துறை கையில் இருக்கும்போது, அந்தத் துறையை விருந்தாளி மாதிரி வைத்துக்கொண்டு குழு என்ன முடிவெடுக்கும்?

இன்னொன்று, ஊராட்சிக்கு ஒருவர் என்பது. கடற்கரை ஊர்களில் ஊராட்சித் தலைவர் மீனவராக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. மீனவராகவே இருந்தாலும் விசைப்படகு முதலாளியா, வள்ளம் வைத்திருப்பவரா, கரைவலை இழுப்பவரா, நண்டு வலைக்காரரா? இவர்கள் எல்லாரையும் "உள்ளூர் மீனவர்கள்" என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதுதான் பதிவாகும். பெண்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். நான் பார்த்த ஒரு கருத்துக் கேட்பில் இதுதான் நடந்தது. ஆங்கில வரைபடத்தைத் திரையில் போட்டார்கள், கேள்வி உண்டா என்றார்கள், டீ கொடுத்தார்கள், முடிந்தது.

ஆகவே யாரை உள்ளே விடுவது என்று தொடங்காமல் எதை உள்ளே விடுவது என்று தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். கடற்புல்லையும் பவளப் பாரையும் (பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு) மனதில் வைத்துக் கருவிகளை வரிசைப்படுத்துங்கள். தரையை வழித்துக்கொண்டு போகிற இழுவைமடிக்கு முதல் இடம், அதிலும் இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கிற இரட்டைமடி ஏற்கெனவே தடைசெய்யப்பட்டது. ஆழம் குறைந்த இடத்தில் கடற்புல் மேலேயே இழுக்கிற தள்ளுமடி அடுத்தது. இதை நாட்டுப்படகுகளே செய்கின்றன, ஆகவே நாட்டுப்படகு என்றாலே நல்லது என்றும் சொல்ல முடியாது. கடல் பசு மாட்டுகிற பெரிய கண்ணி வலைகளுக்கு இடமும் மாதமும் பார்த்துத் தனி விதி. தூண்டில், நண்டு வலை, கையால் பாசி எடுப்பது போன்றவற்றை நாள் கணக்கில் ஒழுங்கு செய்தால் போதும். ஆஸ்திரேலியாவில் கிரேட் பேரியர் ரீஃப் பூங்காவை 2004-இல் மறுபடி மண்டலம் பிரித்தபோது, மீன்பிடிக்கே இடமில்லாத பரப்பை ஐந்து சதவீதத்துக்கும் கீழே இருந்ததிலிருந்து 33 சதவீதத்துக்கு உயர்த்தினார்கள். அதற்கு முன் மக்களிடமிருந்து 31,000-க்கும் மேல் கருத்துகள் வந்தன. அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் எந்தத் தொழில், எந்தக் கருவி செல்லும் என்று ஒரு பக்க அட்டவணையே உண்டு, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அவர்களுடைய 33 சதவீதத்தை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது, நம் கரையில் இருக்கும் நெருக்கம் வேறு. அந்த அட்டவணையையாவது கொண்டுவரலாம்.

விசைப்படகுகளை வில்லனாக்கிவிட்டுப் போவதும் எளிது. விதிப்படி அவை கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். பாக் விரிகுடாவில் ஐந்து கடல்மைல் தாண்டினால் சர்வதேச எல்லைக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், ராமேஸ்வரம் பக்கம் இன்னும் குறைவு. எல்லைக்கு அப்பால் இலங்கை, அங்கே 2017-இல் இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் கைது, படகு பறிமுதல். அங்கே நம் விசைப்படகுகளால் வலையை இழப்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான். இந்தப் பக்கம் கரைக்கு வந்தால் நாட்டுப்படகோடு சண்டை. இந்த இடுக்கில்தான் 2017-இல் ஆழ்கடல் திட்டம் வந்தது. பாக் விரிகுடா விசைப்படகை ஒப்படைத்துவிட்டுச் சூரை பிடிக்கிற ஆழ்கடல் படகு வாங்கலாம், அப்போது விலை 80 லட்சம், அதில் பாதி ஒன்றிய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் மீனவர். 2,000 படகுகளை மாற்றுவதாக இலக்கு. அந்த இலக்கின் பக்கத்தில்கூடத் திட்டம் வரவில்லை. காலையில் போய் மறுநாள் திரும்புகிற தொழில்காரனை வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கு என்றால், படகு மட்டும் போதாது. ஆள், பனிக்கட்டி, துறைமுகம், விற்பனை எல்லாம் மாற வேண்டும். இதைத் தீர்க்காமல் கடற்புல்லைச் சுற்றிக் கோடு போட்டால், அந்தக் கோட்டுக்குள் ராத்திரியில் இழுவைமடி ஓடும்.

மாற்றுத் தொழில் என்று கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. 2000-ஐ ஒட்டிக் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னால் நின்ற குளிர்பான நிறுவனத்தின் பெயரால் ஊரில் அதற்குப் பெப்சி பாசி என்றே பெயர். வருமானம் வந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் 2008 வாக்கில் குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் அந்தப் பாசி படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பூங்காவைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன மாற்றுத் தொழில் பூங்காவுக்குள்ளேயே களையாகிப் போனது. இப்போது பாசிப் பூங்கா என்று பெரிய அளவில் மறுபடி பேசுகிறார்கள். எங்கே கட்டலாம், எந்தப் பக்க நீரோட்டம் அதைத் தீவுக்குக் கொண்டுபோகும் என்று வத்தை என்ற சின்ன நாட்டுப்படகு வைத்திருப்பவரைக் கேட்டாலே சொல்வார்.

சுற்றுலா பற்றி அதிகம் சொல்ல இல்லை. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி ஊர்க்காரர்களை வைத்தே நடக்கிறது, பார்க்க நன்றாக இருக்கிறது, காசும் ஊருக்குள் நிற்கிறது. கூட்டம் கூடும்போது நங்கூரத்தைப் பார் மேல் போடாமல் மிதவையில் கட்டச் சொன்னால் சரி. கப்பல் மாதிரி கடலைப் பெரிதாகப் பயன்படுத்துகிறவர்கள் கூட்டத்துக்கே வருவதில்லை என்பதுதான் உறுத்துகிறது. 2005-இல் இதே கடலில் சேதுசமுத்திரத் திட்டம் என்று 167 கி.மீ. நீளத்துக்குக் கப்பல் கால்வாய் அமைக்கத் தொடங்கினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் அது நின்றது. பாசி எடுக்கும் பெண்ணிடம் மாதம் எத்தனை நாள் என்று கணக்குக் கேட்கிற அதே கடலில்தான் அது நடந்தது.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை, செலவே இல்லாதது. கருத்துக் கேட்புக் கூட்டத்தை நாட்டுப்படகுக்காரர்களுக்கு வைப்பதென்றால் திங்கள், புதன், சனியில் வையுங்கள், அன்றைக்குத்தான் அவர்கள் கரையில் இருப்பார்கள். விசைப்படகுக்காரர்களுக்கு வியாழன், வெள்ளி வசதி. பாசிப் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிட்டு, அவர்கள் ஊரிலேயே, சாயங்காலம். மூன்று கூட்டம் ஆகும். வரைபடத்தைத் தமிழில் அச்சடித்து, ஆழத்தைப் பாகத்தில் எழுதி, பார்களுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயரைப் போட்டு, ஒரு மாதம் முன்னாலேயே ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கூட்டத்தன்று யாரும் கேள்வி உண்டா என்று கேட்க வேண்டியிருக்காது.